அம்மாவின் முழங்கால் மாற்று ஆபரேஷன்: புதுச்சேரி மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றி

எங்களுக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கடந்த தை மாதம் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு இடது முழங்கால் மூட்டை மாற்றினோம். நிறைவாக இருந்ததையும் மனம் நொந்ததையும் சேர்த்தே எழுதப்போகிறேன், அதனால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. மூட்டு, எலும்பு, ஜவ்வு என்று ஏதாவது ஒரு ஆபரேஷனுக்கு இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு முழு மதிப்பெண். தியேட்டருக்கும் நர்சுகளுக்கும் நல்ல மதிப்பெண். பிசியோதெரபிக்குப் பாதி. கழிப்பறைக்கும் பில் கவுண்டருக்கும் மிகக் குறைவு.

எங்கள் பக்கத்தில் எலும்பு என்றாலே புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர்தான் முதலில் வாயில் வரும். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த இடம் அது. விபத்தில் கை கால் முறிந்தவர்களைக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கோரிமேட்டுக்குத்தான் கொண்டு ஓடுவார்கள். என் சித்தப்பாவுக்குத் தொடை எலும்புக்குள் நீளமாக ராடு வைத்தது அங்கேதான், இன்றும் சைக்கிள் மிதிக்கிறார். அம்மாவுடையது அவசர ஆபரேஷன் இல்லை, தேதி குறித்துச் செய்வது. என் விடுப்பும் பருவமும் ஒத்துவர வேண்டியிருந்ததால் தனியாருக்குப் போனோம்.

பருவம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடலூர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஆபரேஷனை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாசலில் தண்ணீர், வீட்டுக்குள் ஈரத் தரை, மின்சாரம் இல்லை, பிசியோ வர வழியில்லை என்றால் புது மூட்டோடு வாக்கரில் நடக்கிறவர் என்ன செய்வார்? பொங்கல் முடிந்த கையோடு செய்துகொண்டால் வெயிலும் ஏறியிருக்காது, தரையும் காய்ந்திருக்கும்.

சரி, டாக்டரைப் பற்றி. முதல் தடவை போனபோது பணத்தோடும் துணிப்பையோடும் படுக்கத் தயாராகத்தான் போனோம். அம்மாவை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கடலூரில் படுக்க வைத்து எடுத்த படம் எங்கள் கையில் இருந்தது. படுத்தால் மூட்டில் இடைவெளி இருப்பது போலத் தெரியும், உடல் எடை இறங்கும்போதுதான் எலும்பும் எலும்பும் உரசுவது தெரியும் என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எம்.ஆர்.ஐ. வேண்டாம், இந்த அளவு தேய்மானத்துக்கு நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேவே போதும் என்றார். வேறு ஒரு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வந்தால்தான் பேசவே முடியும் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்புறம் அம்மாவின் கால் விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். சேற்றுப்புண் இருந்தது. வாசல் தெளித்து, பாத்திரம் கழுவி, துணி துவைத்து எப்போதும் ஈரத்தில் நிற்கிற கால். "இது முழுசா ஆறினாத்தான் நான் கத்தியைத் தொடுவேன்மா" என்று சொல்லிவிட்டார். மூன்று மாத சர்க்கரைச் சராசரியும் ஒன்பதுக்கு மேல் இருந்தது. அதை இறக்கச் சொன்னார், பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னார், சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். உடம்பில் எங்கேயாவது கிருமித் தொற்று இருந்தால் அது ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் குடியேறக்கூடும், உலோகத்தின் மேல் ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் விரட்டுவது கடினம், சில சமயம் மூட்டையே கழற்ற வேண்டி வரும் என்று பொறுமையாக விளக்கினார். பணம் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய அந்த நாளில்தான் இவரிடமே செய்வது என்று நான் முடிவு செய்தேன்.

வரவேற்பறைச் சுவரில் ரோபோ அறுவை பற்றி ஆளுயரப் போஸ்டர் இருந்தது. அதைக் கேட்டபோதும் நேராகப் பதில் சொன்னார். ரோபோ தானாக ஆபரேஷன் செய்யாது, எந்த அளவில் எந்தக் கோணத்தில் எலும்பை வெட்டுவது என்பதைத் துல்லியமாக்க டாக்டருக்கு உதவும் கருவி அது, அம்மாவின் காலுக்கு வழக்கமான முறையே போதும் என்றார். தன் மருத்துவமனையின் போஸ்டருக்கே எதிராகப் பேசியதற்கு ஒரு வணக்கம்.

அம்மாவின் பயம் வேறு. காலைத் துண்டாக வெட்டி எடுத்துவிட்டு இரும்பு வைப்பார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். சொத்தைப் பல்லைச் சீவிவிட்டு மேலே கேப் போடுவது போலத்தான் இது. தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் தேய்ந்த பகுதியை மட்டும் செதுக்கி எடுத்து, மேலே ஓர் உலோகக் கவசம், கீழே ஓர் உலோகத் தட்டு, நடுவில் உறுதியான பிளாஸ்டிக் பட்டை வைக்கிறார்கள். எலும்போடு பிடித்து நிற்க ஒரு சிமெண்ட். "சிமெண்டா? வீடு கட்டறதா?" என்று அம்மா கேட்டார். அது அக்ரிலிக் வகை, பல் மருத்துவத்தில் பயன்பட்டு வந்த பொருள்தான். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் அதை இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்தி, 1962-இல் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாக இன்றைய மூட்டு மாற்றுக்கு வழி போட்டார் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு காலம் வரும் என்று நான் கேட்டேன். 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கின்றன என்றார். இதைக் கேட்டபின் அம்மா சம்மதக் கையெழுத்தைப் போட்டார்.

ஆபரேஷன் நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நர்சு வந்து இடது காலில் பேனாவால் அம்புக்குறி போட்டார். அறையில் ஒருவர், தியேட்டர் வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர் என்று மாறி மாறி "எந்தக் கால்மா?" என்று கேட்டார்கள். "இவங்களுக்கே தெரியலையா" என்று அம்மா கலங்கிவிட்டார். தவறான பக்கத்தில் கத்தி வைத்துவிடக்கூடாது என்பதற்கான நடைமுறை அது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. எங்காவது இப்படிக் கேட்காமல் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனால்தான் கவலைப்பட வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். தொடையிலும் வலி தெரியாமலிருக்க ஓர் ஊசி. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அறைக்கு வந்துவிட்டார்.

எங்கள் மாடி முழுக்க எலும்பு நோயாளிகள்தான். வராந்தாவில் உட்கார்ந்து பேசிப் பேசி ஒவ்வொருவர் கதையும் தெரிந்துபோனது. ஒரே டாக்டர்கள், ஒரே நர்சுகள், ஆனால் ஆளுக்கு ஒரு தேவை.

பக்கத்து அறையில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கபடிப் பையன். ரைடு போய்த் திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொண்டு முன் ஜவ்வு அறுந்துவிட்டது. அதே காலின் பின்தொடையிலிருந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எடுத்து, சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுப் புது ஜவ்வு கட்டினார்கள். தையல் சின்னதாக இருந்ததால் காரியமும் சின்னதுதான் என்று அவன் நண்பர்கள் அடுத்த போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்து ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்கக்கூடாது என்று நண்பர்களை நிற்க வைத்தே சொன்னார். வெட்டி ஒட்டிய தசைநாண் உடம்போடு சேர்ந்து உயிர்ப்பிடித்து ஜவ்வாக மாற அவ்வளவு காலம் ஆகும். அவசரப்பட்டால் மறுபடி அறும். பையனிடம் மட்டும் சொல்லாமல் கூட்டாளிகளிடமும் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. இழுத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தானே.

எதிர் அறையில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வெட்டுகிற அக்கா. கத்தி வழுக்கி மோதிர விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்தது. முதலில் எங்கோ தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டார்களாம். புண் ஆறியபின் விரல் மடங்கவில்லை. அறுந்த நுனி உள்ளங்கைக்குள் பின்வாங்கிப் போயிருந்ததால், தேடி எடுத்துத் தைக்க வேண்டியிருந்தது. முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிவரை அச்சுக்கட்டு (ஸ்ப்ளிண்ட்). வாரக்கணக்கில் அதைக் கழற்றக்கூடாது, ஆனால் அந்தக் கட்டுக்குள்ளேயே விரலைச் சொல்லிக்கொடுத்தபடி அசைக்கவும் வேண்டும். அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், அதிகம் அசைத்தால் தையல் விட்டுவிடும். கையால் பிழைக்கிற மனுஷி, "எப்பக்கா கத்தி பிடிக்கலாம்" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மாதமாவது ஆகும் என்று சொன்னார்கள். கண்ணாடியோ கத்தியோ விரலில் ஆழமாக வெட்டினால், தையல் போடுமுன் ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிக் காட்டச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

கடைசி அறையில் பாகூர்த் தாத்தா, எண்பது தாண்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. பேரன்கள் முதலில் புத்தூர் கட்டுக்குக் கொண்டுபோகப் பேசியிருக்கிறார்கள், மகள்தான் ஒரே பிடியாக இங்கே கொண்டுவந்திருக்கிறார். நாட்டு வைத்தியக் கட்டுப் போட்டு மணிக்கட்டு எலும்பு சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும், அந்த நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் வயதானவரின் இடுப்பு முறிவு வேறு. படுக்கையில் போட்டு வைத்தால் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி உட்கார வைப்பதே உயிரைக் காக்கிற வழி. தாத்தாவுக்குப் பந்துப் பகுதியை மட்டும் மாற்றி, மறுநாளே கட்டிலோரம் உட்கார வைத்தார்கள். அந்த வேகத்துக்கு இந்த மருத்துவமனையைக் கை எடுத்துக் கும்பிடலாம்.

இனி மனம் நொந்தவை.

முதலாவது கழிப்பறை. எலும்பு நோயாளிகளுக்கென்றே ஒதுக்கிய மாடி, ஆனால் எங்கள் கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி இல்லை. தரை வழவழப்பான டைல்ஸ், எந்த நேரமும் ஈரம். குளியலறையில் விழுந்ததால் வந்த தாத்தாவின் அறையிலும் அதே மாதிரிக் கழிப்பறைதான். வாக்கரை வெளியே விட்டுவிட்டு அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே போனார். இரவில் தனியாக இருப்பவர்கள் கதி என்ன? மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். தையல் பிரிக்கப் போனபோது பார்த்தேன், எங்கள் பழைய அறையில் கம்பி வந்திருந்தது. பக்கத்து அறையில் வரவில்லை.

இரண்டாவது பிசியோ. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையிலேயே அம்மாவை வாக்கரில் நிறுத்தி நாலு எட்டு நடக்க வைத்தார் ஒரு இளம் பிசியோ. அருமையான பெண். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார், ரத்தம் கட்டாமலிருக்க. முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடைத்தசையை இறுக்கச் சொன்னார். முக்கியமாக, முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது என்றார். வலிக்கிறவர்களுக்கு அதுதான் சுகமாக இருக்கும், வீட்டில் எல்லோரும் அன்பாகத் தலையணையைத்தான் கொண்டு வருவார்கள். அப்படி வைத்தால் கால் கொஞ்சம் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு நேராக நீட்ட முடியாது. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்கலாம்.

இவ்வளவு நல்ல பிசியோ ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. அது விடுமுறை என்று முன்பே சொல்லவும் இல்லை. தொடை ஊசியின் மரப்பு விட்டு வலி உச்சத்தில் இருந்த நாள் அது. கால் வீங்கி, மடக்கவே மாட்டேன் என்று அம்மா அழுதார். இரவுப் பணி நர்சு தன் வேலைக்கு நடுவே வந்து ஐஸ் பை வைத்து, வலி மருந்து நேரத்தைச் சரிசெய்து, பாதத்தை ஆட்ட வைத்துவிட்டுப் போனார். அந்தச் சிஸ்டர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. மூட்டுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. லட்சக்கணக்கில் வாங்குகிற இடத்தில் ஒரு மாற்று ஆள் போட முடியாதா?

மூன்றாவது பில். முழுத் தொகைப் பேக்கேஜ் என்று இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் சொன்னார்கள். முடிவில் தியேட்டர்ப் பொருட்கள் என்று ஒரே வரியில் தனித் தொகை ஒன்று சேர்ந்திருந்தது. என் தொழிலே இதுதான், விடவில்லை. பொருள் வாரியாகப் பிரித்துக் கேட்டேன், முகம் சுளித்தாலும் கொடுத்தார்கள். அதில் பேக்கேஜுக்குள் ஏற்கெனவே வந்தவை இருந்தன, குறைத்தார்கள். வைத்த மூட்டின் விலை ஒழுங்காக இருந்தது. முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்ச விலை நிர்ணயித்தது. அப்போது வழக்கமான கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், வரி தனி. விலை அவ்வப்போது மாறும், அதனால் நீங்கள் போகும் காலத்து உச்ச விலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். மூட்டுப் பெட்டியில் நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு அந்த மூட்டில் பிரச்சினை வந்தால் வேறு எந்த டாக்டருக்கும் அந்தத் துண்டுக் காகிதம் வேண்டும். கேட்ட பிறகே எங்களுக்குத் தந்தார்கள். இன்னொன்று: தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எல்லை தாண்டி எல்லா மருத்துவமனையிலும் அது செல்லும் என்று நினைத்துவிடாமல், தேதி குறிக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேன்டீன் சுமார். இட்லி பரவாயில்லை, சர்க்கரை நோயாளிக்கும் பாலில் சர்க்கரை போட்டே வந்தது.

வீடு திரும்பும் பயணத்துக்கு நேரம் பார்த்துக் கிளம்புங்கள். முதலியார்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் தாண்டும்வரை மாலையில் வண்டி நகராது, புதுக் காலை மடக்கியபடி உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய தண்டனை. நாங்கள் காலை பத்தரைக்குக் கிளம்பி, முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தவளக்குப்பம் தாண்டி ஒருமுறை நிறுத்திக் காலை நீட்ட வைத்தோம்.

வாக்கரை மருத்துவமனைக் கடையில் வாங்காமல் வெளியே சர்ஜிக்கல்ஸ் கடையில் வாங்கினேன், விலை நன்றாகவே குறைந்தது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரத்துக்குக் கைப்பிடி வர வேண்டும். கால்களின் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். கழிப்பறையில் உயரம் கூட்டும் இருக்கையும் இரண்டு கம்பிகளும், ஆபரேஷனுக்கு முன்பே போட்டு வைத்திருந்தோம். தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவதை அம்மா விட வேண்டியிருந்தது. அதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வருத்தம். உயரமான முக்காலியும் மேசையும் கத்தியும் கொடுத்திருக்கிறோம், இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபின் செம்மண்டலத்திலிருந்து ஒரு பெண் பிசியோ வந்தார், ஒரு முறைக்கு ஐந்நூறு ரூபாய். இந்த முழுச் செலவில் மிகவும் பயன்பட்ட பணம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் கோணமானியை வைத்து அளந்து நாட்காட்டியில் எழுதிவிட்டுப் போவார். 90 டிகிரி மடங்கினால் நாற்காலியில் ஒழுங்காக உட்காரலாம், 110 வந்தால் படியில் இறங்குவது எளிதாகும் என்று அம்மாவுக்குக் கணக்கைப் புரிய வைத்தார். எண் ஏறுவதைப் பார்த்து அம்மாவே அவர் வருமுன் பயிற்சியை முடித்துவிட்டுக் காத்திருந்தார். வைகாசியில் திருவந்திபுரம் போய், மலைமேல் ஹயக்ரீவர் சன்னதிக்குக் கைப்பிடியைப் பிடித்தபடி தானே படியேறினார். மூட்டு வலி தொடங்கிய பிறகு பல வருஷம் கீழே தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டுத் திரும்பியவர் அவர்.

வலது முழங்காலும் தேய்ந்துதான் இருக்கிறது. வரும் பொங்கலுக்குப் பிறகு செய்யலாம் என்கிறார் டாக்டர். அதே டாக்டரிடம், அதே மருத்துவமனையில்தான் செய்வோம். ஆனால் இந்த முறை மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை பிசியோ யார், பேக்கேஜில் சேராதவை எவை, எந்தெந்த அறைகளின் கழிப்பறையில் கம்பி இருக்கிறது. எழுத்தில் பதில் வந்ததும் அட்வான்ஸ் கட்டுவேன்.